மூன்று நாடாக் கசிவுகள்

எங்கள் ஆய்வகக் கட்டடத்தில் அவளைப் பசையக்கா என்பார்கள். பேராசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு அவளைவிடப் பதினெட்டு வயது அதிகம். பதினொரு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு தட்டை நீட்டும் அளவுக்குச் சின்ன ஜன்னல்.

நான் நுண்ணோக்கிகளைப் பார்த்துக்கொள்கிறவன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். முப்பது வருஷம் இருட்டறையில் குனிந்து உட்கார்ந்தவனுக்குக் கோபம் வராமல் கொஞ்சலா வரும்? ஆனால் நான் சொல்ல வந்தது அவளைப் பற்றி. நடுவில் நானும் வருவேன். வராமல் முடியாது, ஏனென்றால் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது நான்தான்.

இங்கே வருவதற்கு முன் அவள் மீன் தொட்டி செய்யும் பட்டறையில் இருந்தாள். கண்ணாடி வெட்டி, விளிம்பைத் தேய்த்து, மூலைக்கு மூலை பசை இழுப்பது வேலை. பசைக் குழாயை ஒரே அழுத்தில், இந்த மூலையில் தொடங்கி அந்த மூலைவரை நிற்காமல் இழுத்துவிட வேண்டுமாம். எங்கே நிறுத்துகிறோமோ அங்கேதான் நாளைக்கு ஒழுகும் என்பாள். தொட்டி காய்ந்த பிறகு அடியில் செய்தித்தாள் விரித்து, தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க வைப்பார்கள். தாள் நனையவில்லை என்றால் தொட்டி கடைக்குப் போகும்.

"பன்னெண்டு வருஷத்துல ஒரு தாளுகூட நனைஞ்சதில்லண்ணே" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு திமிர் வரும். கை சுத்தமாக இருப்பவர்களுக்கு வருகிற திமிர். எனக்கு அது பிடிக்கும்.

அவள் கணவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் ஒரு காலும் போய்விட்டன. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. விழுந்த பிறகு அவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார்கள். வைத்ததோடு சரி, மனிதர் கீழே இறங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பார். பிள்ளைகள் இல்லை. எங்கள் நிறுவனத்தில் நிரந்தர ஊழியர்களுக்குக் குடியிருப்பு உண்டு, அதில் தரைத்தளத்தில் இரண்டு வீடுகள் காலியாகவே கிடந்தன. அவளோ வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிகம். ஆக, அவளுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒன்றே ஒன்று. நிரந்தரம் ஆக வேண்டும், அந்த மனிதரை மண்ணில் கால் வைக்கவிட வேண்டும். வேறு ஆசையே அவள் வாயில் நான் கேட்டதில்லை.

ஆய்வகத்தில் என்ன நடந்தது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன், எனக்குப் புரிந்தது யாருக்கும் புரியும்.

கால்குலேட்டர் முகப்பில் எண்கள் தெரிகின்றனவே, அதற்குள் இருப்பது திரவப் படிகம். குச்சி குச்சியான மூலக்கூறுகள்; திரவம் மாதிரி நகரும், ஆனால் எல்லாம் ஒரே திசை பார்த்துப் படுத்திருக்கும். அது செத்த சாமான், மின்சாரம் கொடுத்தால்தான் திரும்பும். எங்கள் பேராசிரியர் வைத்திருந்தது அதன் உயிருள்ள தம்பி. உயிரணுவிலிருந்து பிரித்தெடுத்த புரத இழைகள், அவற்றுக்கு நடுவே நின்று தள்ளிவிடும் இன்னொரு புரதம், அது தின்பதற்கு எரிபொருள். எரிபொருள் தீரும்வரை ஒவ்வோர் இழையும் பக்கத்து இழையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கூட்டமான பஸ்ஸில் எல்லாரும் முழங்கையால் இடிப்பார்களே, அப்படி.

இதை மெல்லிய படலமாக ஒரு கண்ணாடித் தட்டின் மேல் உள்ள பள்ளத்தில் ஊற்ற வேண்டும். கீழே கண்ணாடி, மேலே எண்ணெய், நடுவே படலம். பள்ளம் நீளமாக, நேராக இருக்கும். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பட்டைகள், இரண்டு கடைசியிலும் மூடிகள், எல்லாம் பசையக்காவின் கைவேலை. எவ்வளவு ஆழம் என்பதைப் பட்டைகளுக்கு அடியில் ஒட்டுகிற நாடாவை வைத்து முடிவு செய்வார்கள். ஒரு நாடா ஒட்டினால் மெல்லிய படலம், இரண்டு ஒட்டினால் அதைவிடக் கனம், மூன்று ஒட்டினால் இன்னும் கனம். முடி கனத்துக்குள் நடக்கிற சமாச்சாரம் எல்லாம்.

பேராசிரியருக்கு வேண்டியது, படலம் வரிசை கலையாமல் ஒரே இடத்தில் படுத்திருப்பது. அப்போதுதான் அவர் அளக்க வேண்டியதை அளக்கலாம். எனக்கு அவர் கொடுத்த கட்டளை இது. தட்டு வந்ததும் நுண்ணோக்கியில் வை, அரை நிமிஷம் பார். நின்றால் எனக்கு அனுப்பு. ஓடினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்க மூடியில் ஓட்டை. பதிவேட்டில் "கசிவு" என்று எழுது, பக்கம் காட்டி ஓர் அம்புக்குறி போடு, தட்டைக் குப்பையில் போடு.

சரிதானே? சரி மாதிரித்தான் இருந்தது. மேடு பள்ளம் இல்லை, பம்பு இல்லை, யாரும் ஊதவில்லை. திரவம் ஒரு பக்கமாக ஓடினால் வேறு என்ன நினைப்பது? எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் ஓட்டை என்றுதான் சொல்வார்கள்.

ஒரு நாடாத் தட்டுகள் கல்லு மாதிரி நின்றன. இரண்டு நாடா சில நாள் நிற்கும், சில நாள் ஓடும். மூன்று நாடா வந்தால் ஓட்டம்தான். நான் எழுதுவேன், எறிவேன். கனமான பள்ளத்தை இவள் பசை தாங்கவில்லை என்று பேராசிரியர் சொன்னார், நானும் தலையாட்டினேன்.

மூன்று நாடா மாதத்துக்கு ஒரு நாள்தான் வரும். அன்றைக்குச் சாயங்காலம் கிளம்பும்போது அந்தச் சின்ன ஜன்னலில் அவள் முகம் தெரியும்.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை போச்சு?"

"ஒண்ணே ஒண்ணு. போம்மா, போய் வீட்டப் பாரு."

அன்றைக்குப் பதிவேட்டில் ஏழு இருக்கும். இன்னொரு நாள் ஒன்பது. நான் ஒன்று என்பேன், இரண்டு என்பேன். ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், கத்துகிறவனுக்கு அடுத்தவர் முகம் வாடுவதைப் பார்க்கிற தைரியம் இருக்காது. அடுத்த தடவை சரியாகிவிடும் என்று நினைத்தேன். நல்லவன் என்ற பெயரும் எனக்கு இனித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் மத்தியானம் அவள் என் அறைக்குள் வந்து நின்றாள். கையில் குப்பையிலிருந்து எடுத்த ஒரு மூன்று நாடாத் தட்டு, அதன் அடியில் ஈரம் உறிஞ்சும் ஒற்றுத்தாள்.

"இது ஒழுகிச்சுன்னு சொன்னீங்கல்ல? காலையிலேர்ந்து தாளு மேல வெச்சிருக்கேன். ஈரமே இல்ல. ஒழுகினா ஈரம் எங்கண்ணே?"

"இத்துணூண்டு தண்ணி, காத்துலயே காஞ்சிருக்கும்."

"எண்ணெயுமா காயும்?"

பதில் இல்லாதபோது எனக்கு வருவது கோபம்தானே. "ஓடுறத நான் என் கண்ணால பாக்குறேன்மா, கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாக்குறேன்" என்றேன்.

அவள் விடவில்லை. மேஜையில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். "நேரா வெட்டுனாத்தானே ரெண்டு கடைசி வருது, மூடி வருது, ஓட்டைன்னு பேச்சு வருது? பள்ளத்த வளையம் மாதிரி வெட்டிருவோம். கடைசியே கெடையாது. போறதுக்கு எடமே இல்லாதப்பவும் ஓடுதான்னு பாருங்க. ஓடிச்சுன்னா அது என் பசை இல்ல."

அன்றைக்கு நான் சொன்னது இது: "நீ ஒட்டுற வேலையப் பாரு, நான் பாக்குற வேலையப் பாக்குறேன். வந்துட்டா வட்டம் போட."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வளையம் வெட்ட எனக்கு அரை மணி ஆகியிருக்கும்.

அதற்கு மூன்று மாதம் கழித்து நிரந்தர இடம் ஒன்று காலியானது. வயது வரம்பில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. ஒரு மாதம் முழுக்க வீட்டில் அவளும் கணவனும் தரைத்தள வீட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். வாசலில் நாற்காலி போடலாமா, முன்னால் செடி வைக்க விடுவார்களா என்றெல்லாம் என்னிடம் வந்து கேட்டாள். "மொதல்ல வேலை வரட்டும், அப்புறம் தோட்டம் போடு" என்று கிண்டல் செய்தேன். சிரித்தாள்.

நேர்காணல் முடிந்து வந்தவள் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"இருநூத்திப் பதினாலுன்னு படிக்கிறாங்கண்ணே. ரெண்டு வருஷத்துல இருநூத்திப் பதினாலு மூணு நாடாத் தட்டு கசிஞ்சிருக்குன்னு பதிவேட்டப் பாத்துப் படிக்கிறாங்க. கைவேலை சரியில்லன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோன்னுதானே நீங்க சொன்னீங்க?"

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். "அந்த ஆளு கூட்டி எழுதியிருக்காரு. பேராசிரியரு. அவருக்கு வேண்டியவங்க யாரையோ உள்ள கொண்டு வரணும், அதுக்குத்தான்."

"இருக்கும்மா" என்றேன். "இருக்கும்."

ஒரே வார்த்தை. கடவுளே, அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு சுலபமாகத் தப்பித்தேன்!

"நீங்க போய்ச் சொல்லுங்கண்ணே. தட்டப் பாத்தது நீங்கதானே? இத்தனை போகலன்னு நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்றேன்" என்றேன். நேர்காணல் குழு இருந்த அறை வாசல்வரைகூட நான் போகவில்லை. போய் என்ன சொல்வது? என் கையெழுத்தை நானே பொய் என்பதா? இரண்டு நாள் கழித்து, "சொன்னேன்மா, காதுல வாங்கல" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்களாவது சொன்னீங்களே என்றாள்.

அப்புறம் பேராசிரியர் கனமான படலமே வேண்டாம் என்று முடிவு செய்தார். எல்லாம் ஒரு நாடா. கசிவு ஒரே நாளில் நின்றுபோனது. பார்த்தீர்களா, வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஒரு நாடாப் பள்ளங்கள் வெளியே அச்சில் வார்த்தே கிடைத்தன, ஒட்டத் தேவையில்லை. அடுத்த வருஷம் அவளுக்குப் புதுப்பிக்கவில்லை. பசைக் குழாய்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

நாலு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஒருநாள் காலையில் பேராசிரியர் வெளியூர் ஆய்விதழ் ஒன்றை என் மேஜையில் திறந்தபடி வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போயிருந்தார். படத்தைப் பார்த்தேன். வளையம். வளையமாக ஒரு பள்ளம், அதற்குள் எங்கள் படலம் மாதிரியே ஒரு படலம், சுற்றிச் சுற்றி ஓடுகிறது என்று அம்புக்குறிகள். கீழே ஒரு வரைபடம். படலம் மெல்லியதாக இருக்கும்வரை வேகம் பூஜ்யம். ஒரு குறிப்பிட்ட கனத்தைத் தாண்டியதும் கோடு கிளம்பி மேலே போகிறது.

இதழைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலிலேயே போய் நின்றேன்.

தேநீரோடு வந்தவரைப் பிடித்து விளக்கச் சொன்னேன். சொன்னார். கண்ணாடியை ஒட்டிய இழைகள் கண்ணாடி சொல்லும் திசையில் படுத்திருக்கும். படலம் மெல்லியது என்றால் அந்தக் கட்டுப்பாடு மேலே உள்ள இழைவரை எட்டும். எத்தனை தள்ளினாலும் யாரும் அசைய முடியாது. கனமானால் மேலே இருப்பவற்றுக்குக் கண்ணாடியின் பிடி எட்டாது. தற்செயலாக ஓர் இழை கொஞ்சம் சாயும். சாய்ந்தால் தள்ளுவது ஒரு பக்கமாக ஆகும். அந்தத் தள்ளலில் ஓட்டம் பிறக்கும், ஓட்டம் இன்னும் சாய்க்கும். அவ்வளவுதான், மொத்தப் படலமும் தானாகக் கிளம்பிவிடும். ஓட்டை வேண்டாம், மேடு வேண்டாம். எந்தப் பக்கம் ஓடுவது என்பதும் அந்தந்த நேரத்துத் தற்செயல், பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்.

அவர் போன பிறகு அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்தேன். மூன்று நாடா வரிகளை விரல் வைத்து எண்ணினேன். இடது பக்க அம்பு நூற்று ஒன்பது. வலது பக்க அம்பு நூற்று ஐந்து. எல்லாம் என் கையெழுத்து. அரை நிமிஷத்தில் தூக்கி எறியாமல் ஒரே ஒரு தட்டை ஒரு மணி நேரம் பார்த்திருந்தால், எரிபொருள் தீர்ந்ததும் ஓட்டம் நிற்பதைப் பார்த்திருப்பேன். ஓட்டை வழியாகப் போகிற தண்ணீர் எரிபொருளா கேட்கும்? தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், மூக்குக் கண்ணாடி கழன்று விழுந்தது.

பதிவேட்டைக் கொண்டுபோய்ப் பேராசிரியர் முன்னால் விரித்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"ஐயோ, நம்ம கையில இருந்துச்சுய்யா" என்றார். "ஆறு வருஷம் முன்னாடியே நம்ம கையில இருந்துச்சு. நம்ம பேருல வந்திருக்க வேண்டியது."

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

"எந்தப் பொண்ணு?"

அந்தக் கேள்விக்கே அந்த ஆளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பிறகுதான் நினைவு வந்தவர்போல, "ஓ, பசையக்கா. பாவம். அந்த எடத்துலதான் வேற ஆளு இருக்காரே, அவங்களுக்கு வயசும் தாண்டிருச்சு, இப்பச் சொல்லி என்ன ஆகப் போகுது?" என்றார். அவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அவர் எழுதச் சொன்னார், எழுதியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மாடி ஏறினேன். அவள் இப்போது ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். கணவர் ஜன்னலோரம்தான் இருந்தார், தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டு, அட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"இவள ஒட்டித் தரச் சொல்லி எத்தனை நாளா சொல்றேன், மாட்டேங்குறா" என்றார் கணவர். "என் கை சரியில்லங்குறா. ஒழுகத்தான் செய்யும்குறா."

"சும்மா இருங்க" என்றாள் அவள். "வாங்கண்ணே, என்ன இவ்ளோ தூரம்?"

சொன்னேன். வளையத்தைச் சொன்னேன், வரைபடத்தைச் சொன்னேன். "ஒண்ணுகூடக் கசியலம்மா. இருநூத்திப் பதினாலும். அது தானா ஓடுற சாமான். உன் பசை ஒழுகவே இல்ல."

அவள் முகம் மலர்ந்தது பாருங்கள், நாலு வருஷ வயதைக் கழற்றி வைத்த மாதிரி. கணவர் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? நான் சொன்னேனா இல்லியா? ஒரு தாளு நனைஞ்சதில்லன்னு சொன்னேனா இல்லியா?" என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அந்த ஆளு எழுதுனது எல்லாம் பொய்யி. பாவி மனுஷன். நீங்க ஒருத்தர்தாண்ணே அன்னைக்கு எனக்காகப் போய்ப் பேசுனீங்க."

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்கலாம். அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் நல்ல பெயர். யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் நாலு வருஷமாக அவள் வயிறெரிந்து திட்டியது எனக்கு வர வேண்டியது. அதையும் இன்னொருவன் தலையில் வைத்துவிட்டுப் படியிறங்க என்னால் முடியவில்லை.

"பொய் இல்லம்மா" என்றேன். "ஓடுனது நெஜம். எழுதுனது நான். எல்லாமே நான்தான் எழுதினேன். உங்கிட்டதான் கொறைச்சுச் சொன்னேன்."

"இருநூத்திப் பதினாலுமா?"

"ஆமா."

அவள் மெதுவாகக் கேட்டாள். "குழுகிட்ட?"

"போகல. போனேன்னு சொன்னது பொய்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அழுவாளோ என்றும் பார்த்தேன், அழவும் இல்லை. எழுந்தாள், கணவரின் காலை மூடியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு நேராகப் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றார் கணவர்.

"சார் கிளம்புறாராம்" என்றாள்.

நான் கிளம்புகிறேன் என்று சொல்லவே இல்லை. எழுந்துகொண்டேன்.